யாருக்கும் சொந்தமில்லாத மேற்குப் பாதி

கொழிஞ்சாம்பாறை,
12-12-1958

சூரியநெல்லியில் இருக்கும் அன்புத் தங்கை சின்னத்தாயிக்கு அண்ணன் ரத்தினசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அந்த மலைக்குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சளி அண்டாதிருக்க வேண்டும்.

நேற்று மாலை நிலவரப்படி நம் வீட்டு நடுவில் சுவர் எழும்பவில்லை. நானே நின்று பார்த்தேன். உன் சின்ன அண்ணன் மாரப்பனும் உறுதி செய்தான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோமா என்று நீ வியப்பாய். பேசுகிறோம். காரணம், பாகப் பத்திரம்.

ஆவணியில் நீயும் வந்து கையெழுத்திட்டாயே, அந்தப் பத்திரம் பதிவாகி வந்த பிறகுதான் படித்தோம். மூத்தவன் ரத்தினசாமிக்கு வீட்டின் கிழக்குப் பாதி என்று இருந்தது. சரி. இளையவன் மாரப்பனுக்கு என்று அடுத்த வரி தொடங்கி, அவனுக்கும் கிழக்குப் பாதியே எழுதியிருந்தது. சமையற்கட்டும் கிணறும் உள்ள மேற்குப் பாதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முப்பது வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதிப் பிறர் பிழையைப் பிடித்தவன் நான். தம்பி தொட்ட காகிதத்தைத் தொடக்கூடாது என்ற வீம்பில் படிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறேன். அவனும் அப்படியே. பத்திரம் எழுதிய குருசாமியைப் பிடித்தால், "ஏனுங்க, ரெண்டு பேரும் 'கெழக்கு எனக்கு, கெழக்கு எனக்கு'ன்னு சத்தம் போட்டீங்க. சொன்னத எழுதறதுதானுங்க என்ற வேலை. படிச்சுப் பாக்கறது உங்க வேலைங்க" என்கிறார்.

ஒரு சொல்லை அடித்து எழுதினால் போதாதா என்று ரிஜிஸ்தர் கச்சேரியில் கேட்டேன். பதியும் முன் அடித்திருந்தால் கடைசியில் குறிப்பெழுதிக் கையெழுத்திட்டிருக்கலாமாம். பதிந்த பிறகு பேனா படக்கூடாதாம். பிழைத்திருத்தப் பத்திரம் எழுதி, முதலில் கையெழுத்திட்ட மூவரும் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டுமாம். கூட வந்திருந்த மாரப்பனுக்கும் எனக்கும் திரும்பும் பஸ்ஸில் ஒரே ஓர் இருக்கைதான் காலி; ஒட்டி உட்கார்ந்தோம். ஆடியிலிருந்து பேசாதவன் வாய் திறந்தான்.

"ஏனுங்ணா, அப்ப மேக்குப் பாதி இன்னிக்கு யாருதுங்க?"

"பத்திரப்படி யாருதுமில்லடா."

"சமையக்கட்டு?"

"அதுவும்தான்."

"ஆட்டாங்கல்லு?"

"கல்லு நம்முளுது. அது கெடக்கற எடம் யாருதுமில்ல."

முன்னிருக்கைக்காரர் திரும்பி, "அப்ப நான் குடி வந்தர்றனுங்க" என்றார். மாரப்பன் சிரித்துவிட்டான். நானும்தான்.

இந்தப் பாகமே உன் அண்ணிகள் இருவரின் அடுப்புச் சண்டையில் வந்தது என்பது உனக்குத் தெரியும். பஸ்ஸில் திரும்பிய அன்று இரவு மாரப்பன் மனைவி கமலாத்தாள் சமையற்கட்டுக்குள் நுழைந்து, உன் பெரிய அண்ணியிடம், "யாருதுமில்லாத அடுப்புல யாரு ஆக்குனா என்னுங்க்கா? தள்ளி உக்காருங்க" என்றாள். அரிசிம்பருப்புச் சோறு ஒரே சட்டியில் வெந்தது. சின்ன வயதில் சட்டியடியில் முறுகி ஒட்டிய அடிக்காந்தலுக்கு நாம் மூவரும் அடித்துக்கொள்வோமே; நீ சட்டியோடு கிணற்றடிக்கு ஓடுவாய், நாங்கள் துரத்துவோம். அன்று காந்தல் சட்டியிலேயே கிடந்தது. "நீ எடுத்துக்கடா" என்றேன். "நீங்க எடுத்துக்கங்கணா" என்றான். பிடுங்கிக்கொண்டு ஓட ஆளில்லை.

இனி நிலுவையில் இருப்பது உன் கையெழுத்து ஒன்றுதான். அது விழுந்த மறுநாள் கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பார். ஆகவே தை பத்தாம் தேதி காலை ரிஜிஸ்தர் கச்சேரிக்குத் தவறாமல் வந்து சேர். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் எல்லோருடைய ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
ரத்தினசாமி

பின்குறிப்பு: கடிதத்தை மாரப்பனுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மிணி வந்து கையெழுத்துப் போட்டுட்டா அந்த அடுப்பு யாராச்சும் ஒருத்தருக்குப் போயிருமுங்ணா" என்கிறான். எனவே கச்சேரிக்கு வர வேண்டாம். பொங்கலுக்கு வா, காந்தல் எடுத்து வைக்கப்படும். கையெழுத்து சூரியநெல்லியிலேயே இருக்கட்டும். அது எதிர்பார்க்கப்படும் நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை.