கல்லில்லாக் கல்வி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க சாதனை, ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் நிகழ்ந்தது. முதலாண்டு ஆய்வக வகுப்பில் மாணவர்களின் கற்றலைப் பாதிப்பது எது என்பதை அங்கேதான் 'விஞ்ஞானபூர்வமாக'க் கண்டறிந்தார்கள்.

வகுப்பை நடத்தியவர் ஓர் ஒப்பந்த ஆசிரியை. துறைத்தலைவர் மனம் வைத்தால்தான் மறுவருடமும் வேலை. கடைசி மேசையில் இருந்தவனுக்குப் பெயரே கொட்டாவி. பாடம் ஆரம்பித்ததும் வாயைத் திறப்பான். கேள்வி கேட்க அல்ல.

ஒருநாள் ஆசிரியை கண்ணாடி அலமாரியைத் திறந்து, சுண்ணாம்புக்கல் ஒன்றை அவன் கையில் கொடுத்து, ஒரு சொட்டு அமிலம் விடச் சொன்னார். கல் பொங்கி நுரைத்தது. கொட்டாவி பாதியில் நின்றது. பக்கத்திலிருந்த இன்னொரு வெள்ளைக் கல்லிலும் விட்டுப் பார்த்தான்.

"இது மட்டும் ஏன் மேடம் சும்மா இருக்கு?"

மணி அடித்தும் அவன் எழுந்திருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஆசிரியைக்குக் கால் தரையில் பாவவில்லை.

வினை தேர்வில் வந்தது. கல்லின் படத்தைப் போட்டு, பெயர் கேட்டிருந்தார்கள். அதற்குள் கல்லைத் தொட்டும் கீறியும் இனம் காணப் பழகிவிட்ட பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். "கீறிப் பார்க்காமல் சொல்ல முடியாது" என்று எழுதிவைத்தார்கள். நேர்மைக்கு மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை. பாதி வகுப்பு கவிழ்ந்தது.

உடனே குழு அமைந்தது. சுவரின் நிறம், நாற்காலியின் உயரம், ஆசிரியையின் குரல் என ஒன்றையும் விடாமல் பரிசீலித்து, "மாணவர் கற்றலை மிகவும் பாதிப்பது கல்லே" என்று முடிவு கட்டியது. அப்பழுக்கில்லாத உண்மை. ஆகவே கற்களை அகற்றப் பரிந்துரைத்தது.

"கல்லைக் கையில கொடுத்தா பிள்ளைங்க குழம்புறாங்கம்மா," என்றார் துறைத்தலைவர். "படத்துல குழப்பமே இல்ல. கீழயே பேர் போட்டிருக்கு."

ஆசிரியை வாயெடுத்தார். மறுவருடம் கண்முன் வந்து நின்றது.

"நானும் அதையேதான் சார் நினைச்சேன்."

கற்கள் போய் வண்டி நிறுத்துமிடத்துப் பள்ளத்தை நிரப்பின. ஆய்வகத்துக்குப் படம் காட்டும் திரை வந்தது. மறுதேர்வில் மொத்த வகுப்பும் தேறியது. இரண்டு தூக்கத்துக்கு நடுவே கொட்டாவி நூற்றுக்கு நூறு வாங்கினான்.

'கல்லில்லாக் கல்வி' என்று பொறித்த கல்வெட்டை ஆய்வக வாசலில் திறந்தார்கள். சிறப்பு விருந்தினர் முழு மதிப்பெண்காரர்களில் கைக்கெட்டியவனைத் தோளில் தட்டினார். அகப்பட்டவன் கொட்டாவி.

"இது என்ன கல்லுப்பா தம்பி?"

அவன் கை தானாகக் கல்வெட்டை நோக்கிப் போனது. நகத்தால் கீறப் போகிறான்.

"தொடாத, அழுக்காயிடும்," என்றார் துறைத்தலைவர். கை திரும்பியது.

"படம் இருந்தா சொல்லிடுவேன் சார்."

அந்தக் கையை ஒரு நிமிடம் விட்டிருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். முதலில் கைதட்டியது அவர்தான்.