பெரிய டிரம் இடப்பக்கம் திரும்பாத விவகாரம்

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்தவன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே முழங்கால்கள் உட்பட அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டதும் மரியாதை வந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. அதனால் கடிதம்.

விஷயம் நம்முடைய பேண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு அப்பாக்களும் ஒட்டிப் பழகட்டும் என்று என் மகள், அதாவது தங்கள் மருமகள், நான் கம்ப்யூட்டரில் நடத்திவரும் அணிவகுப்பு விளையாட்டில் தங்களையும் சேர்த்துவிட்டாள். நாற்பத்தெட்டு பேர், ஆளுக்கொரு வாத்தியம், அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி அவரவர் பொம்மையை நடத்த வேண்டும். தலைவன் நான், விசில் என்னிடம். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. முதல் இரண்டு நிமிஷம் மெதுவாக நடத்தி, டிரம்பெட்காரர்களின் மூச்சை மிச்சம் பிடித்து, எதிர் அணி அவசரப்பட்டு இளைக்கும் நேரம் பார்த்து மொத்தமாக இடப்பக்கம் திரும்பி முழங்க வேண்டும். என் வியூகம் அவ்வளவுதான், மீதி எல்லாம் பொறுமை. பொறுமைக்கென்றே திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு இருக்கிறது, சும்மா சும்மா விசில் ஊதினால் குறையும். இரண்டு வருஷமாக அதைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டதில்லை நான்.

அப்புறம் தாங்கள் பெரிய டிரம்மோடு வந்தீர்கள். பெரிய டிரம்முக்கு இடம் கடைசி வரிசை. ஆனால் சம்பந்தியைக் கடைசி வரிசையில் நிறுத்த எவனுக்குக் கை வரும்? முன்வரிசையில் நட்டநடுவே நிறுத்தினேன். புத்தி கெட்டுப்போய்ச் செய்த காரியம். இந்த ஆட்டத்தில் பின்னால் வருகிறவர்கள் முன்னால் போகிறவரைப் பார்த்தேதான் நடப்பார்கள். காலிறுதியில் நான் இடப்பக்கம் என்றேன், தாங்கள் வலப்பக்கம் திரும்பினீர்கள். விசில் ஊதினால் அதட்டுவதுபோல் ஆகிவிடுமே என்று, "சம்பந்தி அவர்கள் தயவுகூர்ந்து சற்றே இடப்பக்கம் எழுந்தருள வேண்டும்" என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிப்பதற்குள், நாற்பத்தேழு பேரும் தங்கள் பின்னாலேயே போய், நடுவர் மேஜையை மிதித்து, வாசலைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்துக்குள் புகுந்தாயிற்று. எதிர் அணி அதைவிடக் கேவலமாக நடந்ததால் தப்பித்தோம். அரையிறுதியில் தங்கள் டிரம் நாலு நிமிஷம் அடியோடு நின்றுபோச்சு. அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கியபடியே நிக்கிறாங்க. என்ன ஆச்சுங்கன்னு கேட்டா, "பால் பொங்கிருச்சு, அடுப்பைத் துடைச்சிட்டு வரேன்"னு பதில் வருது. இந்த வயசுல அடுப்படி வேலை பார்க்கிற சம்பந்தி கிடைச்சாரேன்னு பெருமைப்பட்டேன், ஆனா கால் வலிச்சது எங்களுக்குத்தானே!

இப்போது புல்லாங்குழல் வாசிக்கும் பல் டாக்டர் கொதித்துப்போய் இருக்கிறார். "உங்க சம்பந்தியைப் பார்த்தா உங்களுக்குப் பயம்னா, அதுக்கு நாங்க ஏன் சார் வண்டிக்கு நடுவுல நடக்கணும்? ஞாயித்துக்கிழமையும் டிரம் முன்னாடி நின்னுச்சுன்னா நானும் எட்டுப் புல்லாங்குழலும் கிளம்பிடுவோம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஜெயித்தால் தெரு அணி என்ற பட்டம் போய் மைதான அணி ஆகிவிடுவோம். சம்பந்தி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் இதுவரை எதிலும் ஜெயித்ததில்லை. பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பினேன், ஏறிப் போனதெல்லாம் மத்தவங்க. ஆகவே அன்றைக்கு ஒரு நாள் மட்டும் தாங்கள் பின்வரிசைக்கு நகர வேண்டும், அல்லது தங்களுக்கு ஒரு சின்ன வயிற்றுவலி வர வேண்டும். எது வசதியோ அது.

மாப்பிள்ளைக்கு ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். தங்கள் கோபத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு.

இப்படிக்கு,
விசில் கையில் இருந்தும் ஊத முடியாத தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இதை என் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் போனை நீட்டினாள். முதல் வாரமே தாங்கள், "எனக்கு இது ஒத்துவராதும்மா, சொன்னா அவர் வருத்தப்படுவார், நீங்களே என் பேர்ல நடங்க" என்று பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்துவிட்டீர்களாமே! மூன்று மாதமாக அடுத்த அறையிலிருந்து டிரம் அடித்தவள் இவள்தான். ஏண்டி இடப்பக்கம் திரும்பல என்றேன். "திரும்பியிருந்தா நீங்க கெஞ்சியிருக்க மாட்டீங்களே. கட்டிக்கிட்டு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இந்த மூணு மாசந்தான் என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்டிருக்கீங்க" என்றாள். உறையில் தபால்தலை ஒட்டிவிட்ட பாவத்துக்காகத்தான் இதை அனுப்புகிறேன். மேலே தங்களைத் திட்டியிருக்கும் இடங்களையெல்லாம் தள்ளிவிட்டு வாசிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பெரிய டிரம் முன்வரிசையில்தான் நிற்பார்கள். போவதானால் போகலாம் என்று பல் டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.