உள்ளே பிதுங்கிய பசை

மாப்பிள்ளை மாறன் அவர்களுக்கு,

வரிச்சிக்குடியிலிருந்து மாமனார் இளையபெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே ஓவியா நலம், அவள் வயிற்றுப் பிள்ளையும் நலம். உங்கள் கார் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் நீங்க நடுவுல கேள்வி கேட்பீங்க, நான் பாதியை முழுங்கிடுவேன். அதனால்தான் கடிதம்.

"பிரசவம் உங்க வீட்லயே நடக்கட்டும் மாமா, ஆனா அவசரத்துக்குக் காரு தயாரா இருக்கணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனீங்க. கார் இல்லையென்றால் பெண்ணை அழைத்துப் போய்விடுவீர்கள் என்று அர்த்தம். வியாபாரிக்கு இது புரியாதா? ஆகவே இன்ஜின் மேல்மூடியில் ஆயில் கசிந்ததும் பதறி, மெக்கானிக் காஜா நஜ்முதீனைக் கடைக்கே வரவழைத்தேன். அவர் மூடிக்கு அடியில் கசிவை அடைக்கிற புது ரப்பர் கேஸ்கெட்டைப் பதித்து, இரண்டு மூலையில் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி பசையைத் தொட்டு வைத்தார்.

"இவ்வளவுதானா பாய்?"

"ரப்பருக்கு மேல பசை எதுக்குண்ணே? அது தானா கவ்விக்கும்."

எனக்கு மனசு ஆறவில்லை. தண்ணித் தொட்டிக்கும் படகுக்கும் "எதுக்கும் இன்னொரு டியூப் எடுத்துட்டுப் போங்க" என்று முப்பது வருஷமா என் ஹார்டுவேர் கடையில் பசை விற்றவன் நான். அவர் மதியம் லுஹர் தொழுகைக்குப் போன நேரம், ஒரு டியூபை முழுசாகச் சுற்றிப் பிழிந்து, மூடியை நானே முறுக்கிவிட்டேன். வந்து "மூடியாச்சா?" என்றார். "மூடியாச்சு" என்றேன். பொய் இல்லையே!

கசிவு நின்றது. நாலு நாள் பெருமையாகத் திரிந்தேன். திங்கட்கிழமை ஓவியாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போகையில், கோட்டுச்சேரி தாண்டியதும் காரில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "நிறுத்துங்கப்பா!" என்றாள். "ஆஸ்பத்திரி வந்துடும்மா" என்றேன். "இன்ஜின் போயிடும், நிறுத்துங்கன்னா!" நிறுத்தினேன். ஆட்டோ பிடித்துப் போனோம், ஸ்கேனில் எல்லாம் சரி. ஆனால் ஆட்டோ வரும்வரை அவள் இடுப்பில் கை வைத்து வெயிலில் நின்றாளே, அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

காஜா வந்து மூடியைத் திறந்தார். உள்ளே முறுக்கு பிழிந்த மாதிரி பசை தொங்குகிறது. "வெளியில பிதுங்குன அளவு உள்ளயும் பிதுங்கியிருக்குண்ணே. பிஞ்சு ஆயிலோட இறங்கி, அடியில இருக்கற சல்லடைய அடைச்சிருக்கும். நாளைக்குக் கழட்டினாத்தான் தெரியும்" என்றார். வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு நல்ல வேலை என்று நம்பியிருக்கிறேன், மாப்பிள்ளை. பெண் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான் டியூபை அவ்வளவு அழுத்தியது. இதைப் படித்துவிட்டு அவளை அழைத்துப் போவதென்றால் வாங்க, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

உங்க அத்தை உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டு,
இளையபெருமாள்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காஜா, இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்குகிற அடித்தொட்டியைக் கழற்றிவிட்டார். இன்ஜின் பிழைத்தது. சல்லடையை அடைத்திருந்தது சிவப்புப் பசை. என் கடையில் சாம்பல் நிறம்தான், அதுவும் மூடியை விட்டு இன்னும் பிய்யவே இல்லை. ஓவியாவைப் பிடித்துக் கேட்டேன். போன வருஷம் நீங்களே வீடியோ பார்த்து அடித்தொட்டிக்குப் பிழிந்தீர்களாம், "அப்பாகிட்ட சொல்லாத" என்றும் சொன்னீர்களாம். மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிள்ளை இங்கேதான் பிறக்கும். பார்க்க வரும்போது பசை டியூப் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வாங்க.