எங்கள் நிலத்துச் சாமையில் சர்க்கரை கிடையாது

ஜவ்வாது மலைக்கு ஏறுகிற சாலையில் கரடி உண்டு, கவனம் என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. பலகை வைக்காமல் விட்டுப்போன ஓர் இனம் இங்கே கரடியைவிட அதிகம். சொந்த விளைச்சல் சர்க்கரைக்காரர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இவர் நோயை மறைக்கிற ரகம் அல்ல. கல்யாணப் பந்தியில் இலை விழுந்ததுமே "எனக்கு சக்கரை இருக்குதுப்பா" என்று எதிர்வரிசைக்கும் கேட்கும்படி அறிவித்து, கேசரி வாளி வரும்போது இரண்டு கையாலும் இலையைப் பொத்தி, நெல்லுச்சோற்றை ஓர் ஓரமாக ஒதுக்கி, டீக்கடைக்காரரிடம் சர்க்கரை போடாத டீ கேட்டு, போட்டுவிட்டாரோ என்று ஒரு வாய் குடித்துச் சந்தேகப்பட்டு, தன் தியாகத்தை ஊர் பார்த்ததா என்று திரும்பியும் பார்ப்பார். பிறகு எப்படி ஏறுகிறது சர்க்கரை? அவருக்கும் அதுதான் விளங்கவில்லை.

அவருடைய சட்டம் எளிமையானது. கடையில் வாங்கியதில் சர்க்கரை இருக்கிறது. தன் நிலத்தில் விளைந்ததில் இல்லை. ஆகவே சாமைச்சோறு தட்டில் குன்றாக நிற்கலாம். குன்று கரைந்ததும் இன்னொன்று எழலாம். கொல்லைப் பலாவில் சுளை எண்ணக் கூடாது. காட்டுத்தேன் மருந்து. வெல்லத்தில் மட்டும் கொஞ்சம் சிக்கல், மலையில் கரும்பு கிடையாது. ஆனால் கீழே சந்தவாசலில் மச்சான் காய்ச்சுகிறார். மச்சான் நிலம் யார் நிலம்?

எங்கள் ஊர் தீர்த்தகிரி சித்தப்பா இந்த இனத்தின் தலைமகன். புளி உலுக்கப் போன இடத்தில் கல் குத்தி, இடது கால் பெருவிரலில் புண். ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். விரல் இல்லாமல் மரம் ஏறுவது எப்படி என்கிற கவலை சித்தப்பாவுக்கு நிஜமாகவே இருந்தது. சாப்பிடும் நேரம் தவிர.

மாத்திரை கொடுக்க வீடு வீடாக வருகிற சுகாதார ஊழியர் சசிகலா ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"காலைல இன்னா சாப்பிட்டீங்க ஐயா?"

"சாமைதாம்மா."

"எவ்ளோ?"

"சாமைய இன்னாத்துக்கு அளக்கறது? மருந்த யாராச்சும் அளப்பாங்களா?"

"மாத்திரைய எண்ணித்தான குடுக்கறேன்?"

அடுப்படியிலிருந்து வெள்ளையம்மாள் சின்னம்மா குரல் கொடுத்தார். "தேன வுட்டுட்டியே, அதயும் சொல்லு."

"தேனு சக்கரையா? பூச்சி செய்யறது அது. எந்தப் பூச்சிக்காவது சக்கரை வந்துகீதா?"

சசிகலா சிரிக்கவில்லை. "தட்டுல பாதி கீரையும் காயும் இருக்கணும். அவரை, கொள்ளு சேத்துக்குங்க. சோறு கொஞ்சமா. சாமைன்னாலும் சோறு சோறுதாங்க. தேனும் வெல்லமும் சக்கரைதான்."

சித்தப்பா முகம் சிவந்துவிட்டது. அவர் உணவைக் குறை சொன்னால் பொறுப்பார், நிலத்தைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டார். "எங்கப்பன் உழுத பூமிம்மா அது. உரமூட்டை உள்ள போனதில்ல. அதுல எங்கேர்ந்து வரும் சக்கரை?"

எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் ரத்தப் பரிசோதனைத் தாள்களெல்லாம் என்னிடம்தான் வரும். "சித்தப்பா, மூணு மாச சராசரியே ஏறித்தான் இருக்குது" என்றேன்.

"நீ படிச்ச காலேஜி எங்க இருக்குது?"

"கீழ, திருப்பத்தூர்ல."

"அதான்."



விரலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்தபடி என்னை அருகில் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்: "வூட்ல இருந்த வரைக்கும் வெரலு இருந்துச்சுடா. இங்க வந்து இட்லி சாப்பிட்டேன் பாரு, போய்டுச்சு." இதே கதியில் போனால் அடுத்தது பாதம் என்று டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். சித்தப்பா தலையாட்டினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ கொண்டுவந்த பிஸ்கட்டைக் காட்டி, "அதச் சொல்றாரு" என்றார்.

சின்னம்மா இப்போது கரண்டியால் அளந்துதான் சோறு போடுகிறார். அது காலையிலும் இரவிலும். பகலில் சித்தப்பா அவர் கண்ணில் படுவதில்லை. மரம் ஏற முடியாததால், ஆலங்காயம் போகிற சாலைத் திருப்பத்தில் மேசை போட்டு, சாமை மூட்டையும் தேன் பாட்டிலும் பலாச்சுளையும் விற்கிறார். விற்காத நேரத்தில் சரக்கைச் சோதிக்கிறார்.

"நல்லவேளை, எனக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, நான் அந்த இனமில்லை" என்றுதானே நினைக்கிறீர்கள்? போன விடுமுறையில் அருவி பார்க்க வந்து, அந்தத் திருப்பத்தில் காரை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஐயா, தேன் சுகருக்கு ஒண்ணும் பண்ணாதுங்களே?" என்று கேட்டது யார்? "எனக்கே சக்கரை இருக்குதுங்க, நானே இததான் சாப்புடறேன்" என்று அவர் சொன்னதும் உங்கள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதே, எந்த டாக்டரும் தராத அந்த நிம்மதியில் இரண்டு பாட்டிலும் ஒரு படி சாமையும் சேர்த்து வாங்கினீர்களே? நிலம் இல்லாவிட்டால் என்ன, கண்ணெதிரே இருக்கிற ஒருவருடைய நிலம் போதும் உங்களுக்கு.

வாங்கியதைச் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. மலைக்காரர்கள் வந்தவர்களை எழுந்து வழியனுப்புகிறவர்கள் என்று கேள்விப்பட்டோமே, இந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினாரே என்று மட்டும், மேசைக்கு அடியில் அவர் காலைப் பார்க்காமல், சித்தப்பாமேல் குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.