'நோ மேட்ச்' சொன்ன கால்குலேட்டர்

என் கையில் புதிதாக ஒரு பொருள் கிடைத்தால், அதை நாலு பேர் முன்னால் காட்டாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்த வியாதியால் சொந்த அக்காவின் கல்யாணத்தையே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

அப்போது மதுரையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். சிங்கப்பூர் சித்தப்பா ஒரு கிராஃபிங் கால்குலேட்டர் கொடுத்திருந்தார். வரைபடம் போடும், நாமே அதற்குள் புரோகிராமும் எழுதலாம். உருப்படுகிற பிள்ளை வகுப்புக் கணக்குக்கு எழுதியிருப்பான். நான் எழுதியது கல்யாணப் பொருத்தம். பெண்ணின் நட்சத்திர எண்ணையும் மாப்பிள்ளையின் நட்சத்திர எண்ணையும் கேட்கும். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து எண்ணி, ஒன்பதால் வகுத்து, மீதி 2, 4, 6, 8, 9 என்றால் 'மேட்ச்' காட்டும். இல்லாவிட்டால் 'நோ மேட்ச்'. எண்களைப் பஞ்சாங்கத்திலிருந்து அப்படியே ஏற்றியிருந்தேன். (பத்துப் பொருத்தத்தில் இது ஒன்றுதான். மற்றதை எழுதப் பொறுமை இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.)

அக்கா, ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மூன்று மாதம் அப்பாவோடு பேசாமல் இருந்து சம்மதம் வாங்கியிருந்தாள். ஜோசியரும் சரி என்று சொல்லிவிட்டார். ரவியும் அவர் அப்பா அம்மாவும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு பெட்டி திராட்சையோடு தேனிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தட்டு மாற்றுவதுதான் பாக்கி. நான் வாயை மூடிக்கொண்டு காபி மட்டும் கொடுத்திருக்கலாம்.

"மாமா, இந்த மெசினே பொருத்தம் பாக்கும். நான் எழுதுன புரோகிராம்," என்றேன்.

"அப்படியா மாப்ள? போடுங்க, பாப்பம்," என்று ரவியின் அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

அக்கா ரோகிணி, 4. ரவி உத்திராடம், 21. எண்டரைத் தட்டினேன். 'நோ மேட்ச்.'

மாமா அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். ரவியின் அம்மா காபியைக் கீழே வைத்தார். "சோசியர் பொருந்துதுன்னுல்ல சொன்னாக?"

அடுப்படி வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்பா, "ஏலே, அதைத் தூக்கி உள்ள வையி," என்றார். வைக்க முடியுமா? மறுபடி தட்டினேன். அதே பதில். புரோகிராமைத் திறந்து வரி வரியாக இறங்கினேன். நாலிலிருந்து இருபத்தொன்று வரை எண்ணினால் பதினெட்டு. ஒன்பதால் வகுத்தால் மீதி...

ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்பது எந்த ஊரில் வரும்? பூஜ்யம்தான் வரும். அந்தப் பூஜ்யத்தைத்தான் பஞ்சாங்கம் ஒன்பது என்கிறது. ஜோசியருக்கு அது தெரியும். இன்ஜினியரிங் மாணவனுக்குத் தெரியவில்லை. 9-ஐ அழித்து 0 போட்டேன். 'மேட்ச்!' என்று கத்தினேன்.



"அழிச்சு எழுதுனா அது என்ன வேணாலும் சொல்லும் மாப்ள. மொதல்ல சொன்னதுதான் அது மனசாரச் சொன்னது," என்று மாமா துண்டை உதறி எழுந்தார். "குச்சனூர் கோயில்ல பூக்கட்டிப் போட்டு, சாமி உத்தரவு கேட்டுட்டுச் சொல்லிவிடுறோம்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. அக்காவுக்கும் அது தெரியும்.

அப்போதுதான் ரவி வாய் திறந்தார். "தம்பி, எங்கப்பா அம்மா நட்சத்திரத்தைப் போடுங்க. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவுக. மெசினு சரியா சொல்லுதான்னு தெரிஞ்சுபோகும்."

அவர் அம்மா மகம், 10. அப்பா சித்திரை, 14. எங்கள் வீட்டுச் சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே தட்டினேன்.

'நோ மேட்ச்.'

ரவி கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன போட்டிருக்கு தம்பி?" என்றார் அவர் அம்மா. சொன்னேன். அவர் மெதுவாகக் காபி டம்ளரை எடுத்து, ஒரு வாய் குடித்து, புருஷன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீகளா? முப்பது வருசமா நாஞ் சொல்றேன், ஒரு ஆளு நம்பல. இந்தா, மெசினே சொல்லிருச்சு. இதுதாம்ப்பா சரியான மெசினு! தட்டை எடுங்க."

மெசின் சரி என்றால் அக்காவுக்கும் ரவிக்கும் பொருத்தம். மெசின் தப்பு என்றால் முதலில் சொன்னதும் தப்பு. மாமா துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு மாறியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமாவோடு சண்டை வந்தால் ரவியின் அம்மா, அதாவது அத்தை, எனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "தம்பி, எங்களுக்கு இன்னொருக்கா போட்டுச் சொல்லு," என்பார். பத்து வருடமாக நானும் 'நோ மேட்ச்' சொல்லிவந்தேன். போன தீபாவளிக்கு மாமா என்னைத் தோட்டத்துக்குத் தனியாகக் கூட்டிப்போய், "மாப்ள, எங்களுக்கு என்ன மீதி வருது?" என்றார். "அஞ்சு, மாமா." "அந்த அஞ்சையும் நல்லதுல சேத்துவிட முடியாதா?"

சேர்த்துவிட்டேன். அடுத்த சண்டையில் அத்தை கேட்டபோது, "மேட்ச், அத்தை," என்றேன். "மெசினு கெட்டுப்போச்சு தம்பி," என்று வைத்துவிட்டார்.

இப்போது மாமாவும் அத்தையும் சேர்ந்து சிரித்தால் போதும், அக்கா எனக்குப் போன் செய்துவிடுகிறாள்: "ஏலே, இன்னைக்கும் ஒன் மெசினு ரிப்பேரு."