வால்டர் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டால், நாலு பேருக்குக் காட்டாமல் சோறு இறங்காது. அந்த வருஷம் நான் கண்டுபிடித்த புதிய விஷயத்துக்கு நாற்பது வயது.

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வருவதற்கு முன்னால், வெளிநாடுகளில் சிலர் தங்கள் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைத்து வைத்திருப்பார்கள். மற்றவர்கள் அதற்குப் போன் போட்டு உள்ளே நுழைந்து சேதி எழுதலாம், விளையாடலாம். புல்லட்டின் போர்டு என்று பெயர். அதெல்லாம் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை! இன்னமும் நடத்துகிறார்கள்! இன்டர்நெட் வழியாகவே போகலாம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து முதல் தடவை உள்ளே போனபோது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாலேயே வரைந்த பனிக்கரடி ஒன்று வரிவரியாக இறங்கி வந்தது. நான் எழுந்து நின்றே விட்டேன். (கரண்ட் அடித்துவிட்டதோ என்று அம்மா ஓடி வந்தாள்.)

அந்த போர்டு கனடாவில் வால்டர் என்கிற ரிட்டையர்டு ரேடியோ மெக்கானிக்குடையது. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே போக முடியும். நாம் உள்ளே இருக்கும்போது வால்டர் நினைத்தால் குறுக்கே வந்து பேசலாம். அவர் தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தாக நம் திரையில் விழும். தினமும் பேசினோம். அவர் பனியைப் பற்றிச் சொல்வார், நான் வீட்டு விஷயத்தைச் சொல்வேன். ஒன்று விடாமல்.

அப்போதுதான் என் தங்கை சுதாவுக்கு முசிறியிலிருந்து வரன் வந்தது. பையன் பிரபுவுக்குப் பெங்களூரில் வேலை. சுதா திருச்சியில் காலேஜ் லெக்சரர். அப்பா இல்லாத வீடு, பேச வேண்டியவன் நான்தான்.

"அண்ணா, வேலைய விட்டுட்டுப் பெங்களூர் வரமாட்டேன்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடு" என்றாள் சுதா.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன், சிங்கம் மாதிரி.

பையனின் அப்பா போன் செய்யும்போதெல்லாம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். சிங்கம் ஒவ்வொரு தடவையும், "நேர்ல பேசிக்கலாங்க" என்று போனை வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரபுவும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். கேசரி முடிந்தது, மழை பற்றிய பேச்சும் முடிந்தது. ஹாலில் பயங்கர அமைதி. அம்மா அதைக் கலைக்கப் பார்த்தாள்.

"எம் பையன் டெய்லி கனடாவோட பேசறான்."

"அப்படியா?" என்றார் பிரபுவின் அப்பா. அவ்வளவுதான். வியாதி தலைக்கேறிவிட்டது! லேப்டாப்பை டி.வி.யில் மாட்டினேன். பழைய காலத்து ருசி தெரியட்டும் என்று வேகத்தையும் நத்தை அளவுக்குக் குறைத்து வைத்தேன். கரடி இறங்கியது. பிரபு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திடீரென்று கரடி மறைந்தது. திரையில் ஓர் எழுத்து விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

கனடாவில் அப்போதுதான் விடிந்திருக்கும். வால்டர் எழுந்துவிட்டார்!

பிரபுவின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் தெரியாத தன் மனைவிக்காக ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "இன்னிக்குத்தானே... அந்த... டி.டி.ஆர்... வர்றாரு..."

"யாருங்க டி.டி.ஆர்?" என்றார் அந்த அம்மா.

ரயிலில் டிக்கெட் டிக்கெட் என்று டி.டி.ஆர். குடைகிற மாதிரி பையனின் அப்பா கேள்வி கேட்கிறார் என்று வால்டரிடம் எழுதியவன் நான்தான். எஸ்கேப் பட்டனை அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. டி.வி. பிளக்கை உருவினேன். டேபிள் ஃபேன் நின்றது. லேப்டாப்பை மூடப் போனேன்.

"கை வைக்காதீங்க தம்பி, படிச்சிட்டிருக்கேன்ல!" என்றவர் தொடர்ந்தார். "உன் தங்கச்சி... பெங்களூர் வரமாட்டான்னு... அவர்கிட்ட... சொல்லிட்டியா... இல்ல... இன்னும்... பயந்துட்டுதான்... இருக்கியா?"

நத்தை வேகத்தில் மானம் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சமையலறையிலிருந்து சுதா வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, 'அவன் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்' என்று இங்கிலீஷில் தட்டினாள். எழுந்து நின்று அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க. வேலைய விடமாட்டேன். திருச்சியிலதான் இருப்பேன். உங்களுக்கு ஒத்து வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வருத்தமில்ல."

பிரபுவின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இதத்தாம்மா போன்ல திரும்பத் திரும்பக் கேட்டேன். பொண்ணு என்ன நினைக்குதுன்னு. தம்பி வாயே திறக்கல."

பிரபு அவசரமாகக் குறுக்கிட்டான். "எனக்குப் பாதி நாள் வீட்லேருந்துதாங்க வேலை. இங்கேருந்தும் பாக்கலாம். யாரும் கேக்கல, அதான் சொல்லல."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

திரையில் வால்டர், 'ஹலோ? இருக்கிறாயா?' என்று தவித்துக்கொண்டிருந்தார். "பாவம், காத்திருக்கார் பாருங்க" என்று பிரபுவின் அப்பாவே லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டு, ஒற்றை விரலால், 'நான்தான் அந்த டி.டி.ஆர்.' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். அதற்கப்புறம் கனடாவிலிருந்து ரொம்ப நேரம் ஓர் எழுத்துகூட வரவில்லை. முதலில் சிரித்தது பிரபுவின் அம்மாதான். பிறகு ஹாலே சிரித்தது, என்னைத் தவிர.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், பிடித்திருக்கிறது என்று போன் செய்தார்கள். கல்யாணம் நடந்தது. சுதாவும் பிரபுவும் இப்போது உறையூரில் இருக்கிறார்கள். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் யாராவது ரகசியம் பேச ஆரம்பித்தால், நான் அந்தப் பக்கம் போனதுமே, "ஸ்... கனடா வருது" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் சாயங்காலம் எப்போது முயன்றாலும் வால்டரின் போர்டு பிஸி. போன வாரம் பொறுக்க முடியாமல் முசிறிக்கே போன் போட்டேன்.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்களேன். நானும் வால்டர்கூடப் பேசணும்."

"இருங்க தம்பி," என்றார் சம்பந்தி, "அவர் இப்பத்தான் உங்களப் பத்தி ஏதோ சொல்ல ஆரம்பிச்சிருக்கார்."