வாளியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்

பாரிஸ் மாநகரில் வாழும், மிகுந்த மதிப்புக்குரிய சிமியோன் மாமா அவர்கட்கு,

குருநகரிலிருந்து தங்கள் மருமகள் றெஜினா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அக்கா, நாய் மூவரும் நலம். அங்கு தாங்களும் மாமியும் குளிருக்குள் நலமாக இருக்க எங்கள் கோயில் புனித யாகப்பரை மன்றாடுகிறேன்.

ஏன் கடிதம் எண்டு யோசிப்பியள். வாட்ஸப்பிலை எழுதினால் குடும்பக் குறூப்பிலை ஐம்பத்திரண்டு பேருக்குத் தெரிஞ்சிடும். இதைக் கருவாட்டுப் பொதிக்குள்ளை வைச்சு அனுப்புறன், மணந்தாலும் இரகசியம். போன கிழமை போனிலை, "பிரியந்தினி இன்னும் என்னத்தையடி முடிக்கக் கிடக்கு?" எண்டு கேட்டனீங்கள். அக்கா கணினிதான் படிக்கிறாள். அதோடை அறிகை விஞ்ஞானம் எண்டொரு துணைப்பாடம். மனிசர் எப்பிடி யோசிக்கினம், எப்பிடி மறக்கினம் எண்ட படிப்பு. உளவியல் கொஞ்சம், மொழியியல் கொஞ்சம், தத்துவம் கொஞ்சம், கணினி கொஞ்சம், எல்லாத்தையும் ஒரே பானையிலை போட்டு ஒடியல் மாக் கரைச்சு விட்ட கூழ். "ஒண்டை ஒழுங்காப் படிக்காமல் ஏன் பிள்ளை நாலைக் கிண்டுறாய்?" எண்டு அம்மா கேட்டுக் களைச்சிட்டா. பேர்தான் துணைப்பாடம், ஊரே துணைக்கு வராமல் முடியாத பாடம்.

கடைசியா ஒரு ஆராய்ச்சிதான் மிச்சம். இருபது பேருக்குப் பதினைஞ்சு சொல்லு, பூட்டு திறப்பு மாதிரி வீட்டுச் சாமான் பேரா, வாசிக்கவேணும். அவை சத்தம் போடாமல் கேட்டுட்டு, ஞாபகமுள்ளதை எழுதவேணும். செவ்வாய்க்கிழமை அறிக்கை குடுக்காட்டில் மூண்டு வருசப் படிப்பு கடலிலை. சனிக்கிழமை அக்காவுக்குக் கம்பஸிலை சோதினை. பட்டியலை என்ரை கையிலை தந்து, "வாசி. போனிலை பதிவு பண்ணு. பகிடி விட்டியோ, தோலை உரிப்பன்" எண்டிட்டுப் போனாள். கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைச்ச கதை.

நான் ஆக்களைப் பிடிச்ச இடந்தான் பிழை. கோயில் மண்டபத்திலை செபமாலை சொல்லி முடிச்ச மாமியாக்கள் இருபது பேர். "நீ வாசிக்க நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ? அது மரியாதையோ பிள்ளை?" எண்டா பக்கத்து வீட்டு லூர்த்தம்மா மாமி. "விஞ்ஞானத்துக்கு அதுதான் மாமி மரியாதை" எண்டிட்டு, சும்மா ஒரு பகிடிக்கு, பாதர் புனிதர்மாரின்ரை பேர் வாசிக்கிற குரலிலை இழுத்து, "திறப்பூ..." எண்டன். லூர்த்தம்மா மாமி கையைக் கூப்பி, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" அவ்வளவுதான். "வாளி." இருபது வாயும் ஒண்டா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" "தும்புத்தடி." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" மன்றாட்டுமாலையிலை ஆரும் இடையிலை பிறேக் அடிக்கேலுமோ மாமா? தண்ணி குடிக்க வந்த நீக்கிலாப்பிள்ளை அண்ணை, கோயில் மணி அடிக்கிறவர், வாசலிலேயே முழங்காலிலை நிண்டிட்டார். கடைசிச் சொல் "குடை". ஆமென் சொல்லி முடிச்சினம். பிறகு எழுதச் சொன்னன். நெத்தியிலை கண்ணாடியை வைச்சுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுற மதலேனா பெரியம்மா பதினைஞ்சையும் எழுதிப்போட்டா, வரிசை மாறாமல்! மற்றவையும் அப்பிடித்தான்.

அக்கா வந்து தாளுகளைப் பாத்தாள். "ஏழெட்டு ஞாபகம் இருந்தாலே பெரிய காரியம். பட்டியலைக் காட்டினியோ?"

"இல்லை."

"பதிவு எங்கை?"

"போனிலை சார்ஜ் இல்லை." முழுப் பொய்.

அவள் ஏசேல்லை மாமா. கட்டிலிலை இருந்து அழுதாள். ஏசினால் திருப்பி ஏதும் சொல்லலாம், அழுற ஆளுக்கு என்னத்தைச் சொல்லுறது? ஞாயிறு காலமை பாதரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தன். திரைக்கு அங்காலை இருமினாரோ சிரிச்சாரோ தெரியாது. மூண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, அக்காட்டையும் உண்மையைச் சொல்லெண்டார். சொன்னன். அக்கா கண்ணைத் துடைச்சாள். "ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொன்னவையோ?" "ஓம்." "அதுதானடி ஒருத்தரும் மறக்கேல்லை!" எண்டு எழும்பி ஓடினாள். பூசை முடிய வேறை ஆக்கள், வேறை சொல்லுகள். பத்துப் பேர் சும்மா கேட்டினம், பத்துப் பேர் வேண்டிக்கொண்டு கேட்டினம். சும்மா கேட்டவைக்கு ஏழு, எட்டு. வேண்டினவைக்குப் பன்ரெண்டு, பதின்மூண்டு! அவளின்ரை விரிவுரையாளர் உதயகலா மிஸ் சிரிச்சு முடிச்சிட்டு, "முதல் இருபதையும் விடு. நடந்ததைப் பின்னிணைப்பிலை உள்ளபடி எழுது. ரெண்டாவது நல்ல வேலை" எண்டாவாம். செவ்வாய் குடுத்தாச்சு. முடிவு வரேல்லை. ஆனால் அக்கா சோறு தின்னுறாள், பாட்டும் படிக்கிறாள். சோறு நல்ல சகுனம்.

ஆகவே மாமா, அக்கா இந்தப் படிப்பை முடிச்சால், அதுக்குக் காரணம் என்ரை பகிடிதான் எண்டதை நீங்களாவது மறக்கக்கூடாது.

யாகப்பர் தங்களையும் மாமியையும் கைபிடித்து, ஆடி மாதத் திருவிழாவுக்கு ஊர் கொண்டுவந்து சேர்ப்பாராக. இந்தக் கடிதம் எழுதுவது தெரிந்திருந்தால் அம்மாவும் சுகம் கேட்டிருப்பா.

தங்கள் கீழ்ப்படிவுள்ள (சிரிக்கவேண்டாம்) மருமகள்,
றெஜினா

பி.கு.: பொதியைக் கட்ட முந்தி அக்கா என்ரை போனைப் பறிச்சு, பதிவைக் கண்டுபிடிச்சிட்டாள். ரெண்டு பேருமாக் கேட்டம். அதிலை நான், பள்ளிக்கூடத்திலை இடாப்புக் கூப்பிடுற மாதிரி, "திறப்பு" எண்டு சப்பெண்டு வாசிக்கிறன். இழுப்பும் இல்லை, பாதரும் இல்லை. லூர்த்தம்மா மாமி தானாத்தான் தொடங்கியிருக்கிறா. "நீ செய்யாததைச் செய்ததா உன்ரை மண்டை உனக்கே கதை கட்டியிருக்கடி!" எண்டு அக்கா துள்ளினாள். பின்னிணைப்பிலை 'தங்கையின் குறும்பு' எண்டு கிடந்ததை வெட்டக் கம்பஸுக்கு ஓடினவள், துணைப்பாடம் பாஸ் எண்ட சேதியோடை வந்து நிக்கிறாள். அடுத்த ஆராய்ச்சிக்கு நான்தானாம் ஆள். விடாத பகிடிக்குப் பாவமன்னிப்புக் கேட்ட முதல் பெட்டை நான்தான் மாமா. பாதர் தந்த மூண்டு செபத்திலை, சார்ஜ் இல்லையெண்ட பொய்க்கு ஒண்டைக் கழிச்சாலும் ரெண்டு மிச்சம். அடுத்த குழப்படிக்கு வைச்சிருக்கிறன்.